களவு போன வேட்டைக் கருவியும் பழி சுமக்கும் ஏழையும்

தன் கையால் உழைத்து உண்ணும் உணவினும் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருள்வாக்கினது கருத்தாகும். அரசராகவும் இறைத்தூதராகவும் விளங்கிய தாவூத் (அலை) அவர்கள்கூடத் தம் கைத்தொழிலால் உண்டு வந்தார்கள் என்பதையும் அவ்வாக்கோடு சேர்த்தே பெருமானார் (ஸல்) அவர்கள் நினைவூட்டியுள்ளார்கள். இதனை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள்.

உழைப்புக்கு இத்துணை மாண்பு உண்டென்றால், உழைப்பாளியின் கையிலுள்ள கருவிக்கும் மாண்பு உண்டு. செல்வந்தர் வீட்டுப் பெட்டியிலிருந்து பணம் களவு போனால் அவருடைய சேமிப்புக் குறையும். மீனவர் வீட்டுத் திண்ணையிலிருந்து வலை களவு போனாலோ, மறுநாள் காலை அவ்வீட்டு அடுப்பு எரியாது. கருவியைத் திருடுகிறவன் ஒரு பொருளை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. அப்பொருளால் இனி வரவிருக்கும் உணவு அனைத்தையும் எடுத்துச் செல்கிறான். ஆகவேதான் இக்களவைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது, பொருளை இழந்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இவ்வாரம் சற்று விரிவாகக் காண்போம்.

ஸைத் என்னும் சொல்

வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது காடும் மானும் துப்பாக்கியுமே. ஆனால் அரபு மொழியில் 'ஸைத்' என்னும் ஒரே சொல் தரை வேட்டையையும் கடலில் மீன் பிடித்தலையும் குறிக்கிறது. திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவில் 96ஆம் வசனம், இஹ்ராம் அணிந்த நிலையில் தரை வேட்டையைத் தடுத்துவிட்டு, கடல் வேட்டையை எல்லா நிலையிலும் ஆகுமாக்குகிறது. எனவே ஃபிக்ஹு நூல்களில் வேட்டையைப் பற்றிய பாடத்தைத் திறந்தால், அங்கே வில்லும் அம்பும் பயிற்றுவிக்கப்பட்ட நாயும் மட்டுமல்ல, வலையும் பொறியும் இடம் பெற்றிருப்பதைக் காணலாம்.

அமெரிக்க நாட்டில் மான் வேட்டைக்கென்றே பிறருடைய நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே மரத்தில் கட்டிவைத்த பரண்களும், விலங்குகளின் நடமாட்டத்தைப் படம் பிடிக்கும் கருவிகளும் களவு போவது வேட்டையாடுவோரின் நீங்காத முறையீடாகும். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆகவே நம்மிடையே வேட்டைக் கருவி என்றால் அது பெரும்பாலும் மீன் வலைதான். குத்தகை நிலம் என்றால் அது பெரும்பாலும் ஏரியும் குளமும் இறால் பண்ணையுந்தான்.

சதுரங்கப்பட்டினக் கரையிலே

செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், கல்பாக்கத்துக்கு அடுத்து அமைந்துள்ள சதுரங்கப்பட்டினம் பழமையான துறைமுக ஊர். டச்சுக்காரர்கள் துணி வாணிபம் செய்த கோட்டையும் அவர்களின் கல்லறைகளும் இன்றும் அங்கே நிற்கின்றன. 1782ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் இக்கடலில் மோதின. 1824ஆம் ஆண்டின் ஆங்கில – டச்சு உடன்படிக்கைக்குப் பின் டச்சுக்காரர்கள் இந்நாட்டை விட்டு அகன்றனர். கோட்டையைக் கட்டியவர்களும் அதற்காகப் போரிட்டவர்களும் போய்விட்டார்கள்; அக்கரையில் வலை வீசுகிறவர்கள் மட்டும் இன்றும் வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

கிழக்கே கடல், அதை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும், தெற்கே பாலாற்று முகத்துவாரம், மேற்கே திருக்கழுக்குன்றம் வரை ஏரிகள். கடல் எவருக்கும் குத்தகைக்கு விடப்படுவதில்லை. ஆனால் ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை பொது ஏலத்தில் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் மீன் குஞ்சுகளை விட்டு, காவல் வைத்து, கரையோரக் கொட்டகையில் வலை, தெப்பம், மிதவை, ஈயக் குண்டு ஆகியவற்றை வைத்திருப்பார். கடலோரத்திலும் ஒரு காலம் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாட்களில் படகுகள் கரையேறி நிற்கும். வலைகள் பழுது பார்ப்பதற்காகக் குவிந்து கிடக்கும். வருவாய் இல்லாத நாட்களில் பார்வைக்கு எட்டாமல் கிடக்கும் கருவிகள் மீதுதான் களவாடுவோர் கண் விழும்.

எது யாருக்குச் சொந்தம்?

களவைப் பற்றிப் பேசுமுன் உடைமை எது என்று அறிய வேண்டும். தண்ணீரில் தன்போக்கில் நீந்தும் மீன் எவருடைய சொத்துமன்று. அதைப் பிடித்தவருக்கே அது சொந்தம். பிடிபடாத மீனை விற்பதும் கூடாது. ஏனெனில் கையில் இல்லாத, அளவு தெரியாத பொருளை விற்பது ஏமாற்றத்துக்கு வழி வகுக்கும். ஆகவே ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர், 'இதிலுள்ள மீன்களை வாங்குகிறேன்' என்று எண்ணலாகாது. இடத்தையும் அதில் நீர் தேக்கி மீன் வளர்த்துப் பிடிக்கும் பயனையுமே அவர் குத்தகைக்கு எடுக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் நுட்பமாக எடுத்துக் கூறுகின்றன.

ஆனால் ஒருவர் விரித்து வைத்த வலையில் மீன் சிக்கிவிட்டால், அந்த நொடியிலேயே அது வலைக்காரருடைய உடைமையாகிவிடுகிறது. அவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் சரியே. இரவில் வந்து அவ்வலையிலிருந்து மீனைக் கழற்றிச் செல்பவர், 'ஆண்டவன் படைத்த மீனைத்தானே எடுத்தேன்' என்று கூறித் தப்ப முடியாது. அது களவே.

வலையையே திருடிச் சென்று அதனால் ஒருவர் மீன் பிடித்தால்? சட்ட அறிஞர்கள் இதனையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மீன் பிடித்தவருடைய உழைப்பால் கிடைத்தது என்பதால் அது அவருக்கே என்றும், ஆனால் வலையைத் திருப்பிக் கொடுப்பதோடு, வைத்திருந்த நாட்களுக்கு அவ்வலைக்குரிய வாடகையையும் உடையவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்றும், கிழிந்திருந்தால் அதன் நட்டத்தையும் ஈடு செய்ய வேண்டும் என்றும் ஷாஃபிஈ மத்ஹபினர் தீர்ப்பளிக்கிறார்கள். 'வலைதான் திரும்பி வந்துவிட்டதே, இன்னும் என்ன?' என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். கருவி இல்லாமல் கழிந்த நாட்களும் இழப்பில் அடங்கும்.

புயலுக்குப் பின் கரையொதுங்கும் வலை களவன்று. ஆயினும் கண்டெடுத்தவருக்குச் சொந்தமும் அன்று. அது 'லுகத்தா' எனப்படும் கண்டெடுத்த பொருள். அதன் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, ஓராண்டுக் காலம் அறிவித்து, உடையவரைத் தேட வேண்டும் என்பது நபிவழி. மிதவையில் படகின் பெயர் எழுதியிருக்கும்போது அதைச் சுரண்டி அழிப்பவர், கண்டெடுத்தவர் என்ற நிலையிலிருந்து களவாடியவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

குத்தகை விட்டவரே கை வைத்தால்

சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு: 'நிலம் என்னுடையது, அதில் நான் எப்போது வேண்டுமானாலும் நுழைவேன், அங்கிருப்பதை எடுத்துப் பயன்படுத்துவேன்.' குத்தகைதாரரின் கொட்டகையில் இருக்கும் மோட்டாரையோ வலையையோ, பாக்கிக்கு ஈடாக என்று சொல்லி, எடுத்துச் செல்லும் நிலக்காரர்களும் உண்டு.

இதற்கு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தெளிவாக விடை தருகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூல் இன்றளவும் ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூல். பொருளைப் பாதுகாக்கும் இடத்தை வாடகைக்கு விட்டவரே, குடியிருப்பவரின் பொருளை அவ்விடத்திலிருந்து திருடினால், அவரும் திருடரே. திருட்டுக்குரிய தண்டனை அவருக்கும் உண்டு என்பது அதன் சட்டம். காரணம், குத்தகைக் காலத்தில் அவ்விடத்தின் பயன் குத்தகைதாரருக்கு உரியது. மண் இவருடையதாக இருக்கலாம். அந்தக் கதவு அவருடையது. பாக்கி இருந்தால் கேட்கலாம், நடுவர் வைக்கலாம், வழக்காடலாம்; இரவில் பூட்டை உடைக்கலாகாது.

அவ்வாறே குத்தகைதாரரும் தமக்குரிய எல்லையை அறிய வேண்டும். மீன் வளர்ப்புக்கென எடுத்த நிலத்தில் வேறு காரியம் செய்வதும், காலம் முடிந்த பின்னும் விடாமல் இருப்பதும் உடன்படிக்கை மீறல். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அதன் பின்னரே வேட்டையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. இவ்வரிசையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இரவல் வலை களவு போனால்

களவு போன கருவி எப்போதும் சொந்தக் கருவியாக இருப்பதில்லை. மச்சானிடம் இரவல் வாங்கிய வலை, வாடகைக்கு எடுத்த எஞ்சின், பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த தூண்டில் கயிறு இவையும் களவு போகின்றன. உறவுகள் முறிவது பெரும்பாலும் இங்கேதான். ஆதலால் சட்டத்தை அறிந்து வைத்துக்கொள்வது நலம்.

பாதுகாத்து வைக்கும்படி ஒருவர் ஒப்படைத்த பொருள் அமானிதம். வைத்திருந்தவர் கவனக்குறைவாக இல்லாதபோது அது களவு போனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுத்த பொருளுக்கும் இதே சட்டந்தான். ஆனால் வாடகையின்றி இரவலாக வாங்கிய பொருள் களவு போனால், தம்மீது குற்றமில்லாவிடினும் வாங்கியவர் ஈடு கொடுத்தாக வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் இரவலும் அமானிதமே. கவனக்குறைவு இருந்தால் மட்டுமே ஈடு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் புறப்படுகையில் பெருமானார் (ஸல்) அவர்கள், அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் போர்க்கவசங்களை இரவல் கேட்டார்கள். பறித்துக்கொள்வதா என்று அவர் வினவியபோது, திருப்பித் தரும் பொறுப்புடன் கூடிய இரவலே என்று உறுதி கூறினார்கள். வெற்றி பெற்ற படையின் தலைவர், தோற்ற ஊரின் மனிதரிடம் கருவியை இரவல் கேட்டு, பொறுப்பும் ஏற்றுக்கொண்ட அந்தப் பண்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரிஃபாஆவின் போர்க்கருவிகள்

கருவித் திருட்டைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி திருமறை வசனங்கள் அருளப்படுவதற்கே காரணமாயிற்று. மதீனாவில் ரிஃபாஆ இப்னு ஸைத் (ரலி) என்ற முதியவர் இருந்தார். அவர் தம் வீட்டுச் சேமிப்பறையில் உணவுப் பொருளையும், கவசம், வாள் முதலிய போர்க்கருவிகளையும் வைத்திருந்தார். ஓரிரவு அவ்வறையில் கன்னமிட்டு அனைத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். காலையில் அவருடைய சகோதரர் மகன் கதாதா இப்னு நுஃமான் (ரலி) அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அன்றிரவு பனூ உபைரிக் குடும்பத்தார் வீட்டில் அடுப்பு எரிந்ததைக் கண்டதாகச் சிலர் கூறினர். அக்குடும்பத்தாரோ, லபீத் என்ற நல்லவர் ஒருவர்மீது பழியைத் திருப்பினார்கள். அவர் வெகுண்டெழுந்து வாளை உருவிக்கொண்டு வந்தார்.

செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. திருடிய குடும்பத்தின் உறவினர்கள் ஒன்றுகூடி வந்து, சான்று எதுவும் இல்லாமல் ஒரு முஸ்லிம் குடும்பத்தின்மீது கதாதா களங்கம் சுமத்துகிறார் என்று நாவன்மையோடு முறையிட்டார்கள். வெளிப்படையான சான்று இல்லாமையால் கதாதா (ரலி) அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். இதைப் பேசாமலேயே இருந்திருக்கலாமே, பொருள் போனாலும் போயிருக்கட்டுமே என்று அவர் உள்ளம் நொந்து திரும்பினார். அப்போதுதான் அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து தொடங்கும் வசனங்கள் அருளப்பட்டன. மோசடிக்காரர்களுக்கு ஆதரவாக வாதாட வேண்டாம் என்பது அவற்றின் முதற் கட்டளை. தான் செய்த குற்றத்தை ஒரு நிரபராதியின்மீது சுமத்துகிறவன் அவதூற்றையும் வெளிப்படையான பாவத்தையும் சேர்த்துச் சுமக்கிறான் என்பது அவற்றின் எச்சரிக்கை. கருவிகள் மீட்கப்பட்டு ரிஃபாஆவிடம் ஒப்படைக்கப்பட்டன. அம்முதியவர் அவற்றை அப்படியே இறைவழியில் அளித்துவிட்டார். இவ்வரலாற்றை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

திருக்குர்ஆன் விரிவுரை நூல்களில் மற்றோர் அறிவிப்பும் உண்டு. அதன்படி, திருடப்பட்ட கவசம் ஒரு யூதர் வீட்டில் வைக்கப்பட்டது. பழி அவர்மீது விழுந்தது. திருடியவனோ முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவனுடைய இனத்தார் அவனுக்காகத் திரண்டு வந்தார்கள். ஆனால் இறைவசனம் யூதருடைய தூய்மையை நிலைநாட்டியது. நம்மவன் என்பதற்காக நீதியை வளைக்கக் கூடாது. அயலான் என்பதற்காகப் பழியை ஏற்றக் கூடாது என்பதே இவ்விரு அறிவிப்புகளும் சேர்ந்து புகட்டும் பாடம்.

நம் அண்டை வீட்டு ஏழை

இந்தப் பாடம் மதீனாவோடு முடிந்துவிடவில்லை. நம் பகுதியில் ஓர் ஏரிக்கரையில் வலை காணாமற் போகிறது என்று கொள்வோம். மறுகணமே எந்தக் குடிசையை நோக்கி விரல் நீளுகிறது? உண்மையை மனந்திறந்து சொன்னால், பெரும்பாலும் அங்கேயுள்ள மிக எளிய குடிசையை நோக்கித்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் மக்கள் பரவலாக வாழ்கிறார்கள். கடப்பாறை ஒன்றைக் கொண்டு வயல் வரப்புகளில் எலி பிடித்து உழவருடைய நெல்லைக் காத்தவர்கள் அவர்கள். உப்பங்கழிகளில் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு வெறுங்கையால் இறால் பிடிப்பவர்களும் அவர்களே. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பாம்புத் தோல் வாணிபம் நின்றபோது அவர்களின் பிழைப்பு தடைபட்டது. 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்து உருவாகும் மருந்து, பாம்பு தீண்டியவர்களின் உயிரைக் காக்கிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு நடுவணரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

இத்தகைய மக்கள் மீது, சான்றின்றி, 'இவர்கள்தாம் எடுத்திருப்பார்கள்' என்று சொல்லுவது எவ்வளவு பெரிய கொடுமை! வாயால் சொன்ன ஒரு சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 1993ஆம் ஆண்டு, இன்றைய கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத்து ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி நீதிமன்றப் படியேறிப் பல ஆண்டுகள் போராடிய பின்னரே காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். போன நகைக்கு விலை உண்டு. போன உயிருக்கு விலை ஏது?

வாதிடுபவர் சான்று கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நபிகளார் வகுத்த நீதி முறை. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்ற கருத்தில் அல்மாயிதாவின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே பழைய தகராறு, சாதி, சமயம், வறுமை ஆகியவை சான்றுகள் ஆகமாட்டா. நூல் போட்டுப் பார்ப்பது, மை போட்டுப் பார்ப்பது, குறி கேட்பது ஆகியவற்றால் 'கண்டுபிடிக்கப்பட்ட' திருடன் திருடனல்லன்; அவ்வாறு கேட்டு நம்புவதே ஈமானுக்கு ஊறு விளைவிப்பதாகும்.

இழந்தவர் செய்ய வேண்டியவை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நபிவழி. முதலில் கட்டுதல் வேண்டும். மார்க்கச் சட்டத்தில் 'ஹிர்ஸ்' என்றொரு சொல் உண்டு; ஒரு பொருளை வழக்கமாக எங்கே, எவ்வாறு பாதுகாப்பார்களோ அந்த இடம் அது. திருட்டுக்குரிய முழுத் தண்டனைக்கு, பொருள் அத்தகைய பாதுகாப்பில் இருந்திருப்பதும் ஒரு நிபந்தனை. திறந்த வெளியில் காவலின்றி விட்டுச் சென்ற பொருளை எடுப்பதும் பாவமே, எனினும் உடையவரும் தம் கடமையில் தவறியவராகிறார். ஆதலால் வலையின் ஓரக்கயிற்றிலும் மிதவையிலும் பெயரோ குறியோ இடுங்கள். எஞ்சினின் எண்ணைக் குறித்து வையுங்கள். வாங்கிய ரசீதையும் குத்தகைப் பத்திரத்தையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கடன், குத்தகை முதலியவற்றை எழுதிக்கொள்ளும் வழக்கத்தை அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது.

களவு போய்விட்டால் தாமதியாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 303ஆம் பிரிவு திருட்டுக்குரியது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அது இடந்தருகிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை குற்றம் செய்தவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை விதிக்கப்படும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். புகாரில் களவு போன பொருள், நாள், இடம், அடையாளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கண்ணால் காணாத பெயரைச் சொல்லாதீர்கள்.

தண்டனை வழங்குவது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. திருட்டுக்குத் திருமறை கூறும் தண்டனையும் நீதிபதியின் முன் பல நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே; சந்தேகம் இருந்தால் அது நீங்கிவிடும். பஞ்சம் நிலவிய ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் அத்தண்டனையை நிறைவேற்றவில்லை என்பதையும் வரலாறு கூறுகிறது. எனவே மரத்தில் கட்டி அடிப்பதும், பதிலுக்கு அவர்களுடைய வலையை அறுப்பதும், படகுக்குத் தீ வைப்பதும் நீதியல்ல. அவை தனித்தனிக் குற்றங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, அதில் முயலுக்கும் பறவைக்கும் கண்ணி வைத்துவிட்டு, கண்ணி காணாமற் போனது என்று வருந்துவோரும் இருக்கலாம். வனவிலங்குச் சட்டப்படி, குற்றத்திற்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட பொறியும் கருவியும் அரசின் உடைமையாகிவிடும். இஹ்ராமின்போது தரை வேட்டையை இறைவனே தடுத்தான். கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டே சோதிப்பதாகவும் திருமறை கூறுகிறது. ஆகுமான ஒன்றுக்கும் காலமும் இடமும் எல்லையும் உண்டு. அழிந்துவரும் உயிர்களைக் காக்க நாட்டுச் சட்டம் இட்ட எல்லையைப் பேணுவது முஸ்லிமின் கடமையே.

மலிவு விலையின் மயக்கம்

திருடப்பட்ட வலையைத் திருடியவனே வைத்துக்கொள்வதில்லை, விற்கிறான். வாங்குவோர் இல்லாவிடில் களவும் குறைந்துவிடும். புதிய வலையைப் பாதி விலைக்கும் குறைவாக ஒருவன் இருட்டில் கொண்டுவந்து கொடுக்கும்போது, 'எங்கிருந்து வந்தது?' என்று கேளாமல் வாங்குபவர் அப்பாவத்தில் பங்காளியாகிறார். உடையவர் அடையாளம் காட்டினால் பொருள் அவருக்கே திரும்பும். வாங்கியவர் விற்றவனைத்தான் தேடிப் போக வேண்டும். நாட்டுச் சட்டத்திலும், களவுப் பொருள் எனத் தெரிந்து வாங்குவது 317ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அந்த வலையில் விழும் மீனைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுமுன் ஒருமுறை சிந்திக்க வேண்டாமா?

மன்னிப்புக்கு உரிய நேரம்

முன்னே கவசத்தை இரவல் கொடுத்த அதே ஸஃப்வான் இப்னு உமய்யா (ரலி) பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஒருநாள் பள்ளிவாசலில் மேலாடையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் அதனைத் திருடிவிட்டான். அவனைப் பிடித்துப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். தண்டனை விதிக்கப்பட்டதும் ஸஃப்வானின் உள்ளம் இளகிவிட்டது. அந்த ஆடையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகக் கூறினார்கள். என்னிடம் கொண்டு வருமுன் இதைச் செய்திருக்கலாகாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள்.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உண்டு. வழக்கு நீதிமன்றத்தை அடையுமுன் மன்னிப்பதற்கு வழி திறந்தே இருக்கிறது. பசியால் எடுத்தவர், முதன்முறை தவறியவர், பொருளைத் திருப்பித் தர முன்வருபவர் ஆகியோரைப் பொருளுக்கு உடையவர் மன்னித்துவிடலாம். அது உயர்ந்த பண்பு. ஆனால் அம்மன்னிப்பு உடையவருடைய உரிமை. ஊர்ப் பெரியவர்கள் அவரை வற்புறுத்தி, 'நம்ம பையன்தானே' என்று மூடி மறைப்பது மன்னிப்பன்று. உயர்குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, அவளுக்காகப் பரிந்துரைக்க வந்த உஸாமா (ரலி) அவர்களிடம், தம் அருமை மகள் ஃபாத்திமாவே திருடினாலும் சட்டம் ஒன்றுதான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உரைத்ததை நாம் மறந்துவிடலாகாது.

எடுத்தவருக்கு ஒரு சொல்

இப்பக்கத்தை வாசிப்போரில், என்றோ ஒருநாள் பிறர் கருவியை எடுத்தவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவருக்கும் வாயில் அடைக்கப்படவில்லை. திருட்டுத் தண்டனையைக் கூறும் வசனத்தை அடுத்து வரும் வசனமே, அநீதிக்குப் பின் தவ்பாச் செய்து திருந்துகிறவரை இறைவன் மன்னிப்பதாகக் கூறுகிறது. ஆனால் அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் நாவால் மட்டும் மன்னிப்புக் கோருவது போதாது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெட்கத்தால் நேரில் செல்ல இயலாவிடில், பள்ளிவாசல் இமாம் வழியாகவோ நம்பிக்கைக்குரிய ஒருவர் வழியாகவோ பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம். பொருள் அழிந்திருந்தால் அதன் மதிப்பைச் சேர்ப்பிக்க வேண்டும். உடையவர் மறைந்துவிட்டால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் அறிய முடியாவிடில் அவர் பேரால் தருமம் செய்ய வேண்டும். அக்களவுக்காக வேறொருவர் பழி சுமந்திருந்தால், அந்தப் பழியையும் துடைத்தாக வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது அரிது.

மறுமை நாளில் தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் வந்தும் வறியவராகிப் போகும் ஒருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவர் ஒருவருடைய பொருளை உண்டிருப்பார், மற்றொருவர்மீது அவதூறு சொல்லியிருப்பார், இன்னொருவரை அடித்திருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படும். தீர்ந்துவிட்டால் அவர்களுடைய பாவங்கள் அவர்மேல் சுமத்தப்படும். பொருளை உண்டவர் திருடியவர். அவதூறு சொன்னவரும் அடித்தவரும் யார்? சான்றின்றிப் பழி சுமத்திய நாமாக இருந்துவிடக் கூடாதே! ஒரே களவில் திருடியவரும் பறிகொடுத்தவரும் இருவருமே வறியவர்களாகிவிடும் அவலம் நேராதிருக்க வேண்டும்.

பிறர் உழைப்பின் கருவியைத் தொடாத கைகளையும், சான்றின்றிப் பிறர் பெயரைத் தொடாத நாவையும், ஹலாலான உணவால் நிறைந்த வீடுகளையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.